பதினைந்து சில்லுகளும் ஒரு வெற்றிடமும்

நூலையும் நாடகத்தையும் திரைப்படத்தையும் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது நம் வழக்கம். பிள்ளைகள் ஆடும் விளையாட்டை அவ்வாறு எடுத்துக்கொள்வார் அரியர். 'பொழுதுபோக்கு' என்ற ஒரு சொல்லோடு அதனை ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் இன்று நம் இல்லங்கள் பலவற்றில் நூலுக்குக் கிடைக்கும் நேரத்தைவிடக் கைப்பேசி விளையாட்டுக்குக் கிடைக்கும் நேரமே மிகுதி என்பதை மறுப்பதற்கில்லை. பிள்ளைகளின் நேரத்தைப் பெறுகின்ற ஒன்றை நாம் நின்று நோக்காமல் கடந்துவிடுவது முறையன்று. எனவே, கிறிஸ்து பிறப்புக் காலத்தில் இணையத்தில் ஆடப்படும் ஒரு விளையாட்டைப் பற்றி, அதாவது படத்தின் சில்லுகளை நகர்த்தி ஒழுங்குபடுத்தும் புதிரைப் பற்றி, இங்கு என் கருத்தினை முன்வைக்கிறேன்.

இதனை எனக்கு அறிமுகம் செய்தவள் பத்து வயதுப் பேத்தி. சென்ற டிசம்பர் 24 காலை, கடலூர் துறைமுகச் சந்திப்பிலிருந்து சிதம்பரம் செல்லும் வண்டியில் நாங்கள் இருவரும் அமர்ந்திருந்தோம். என் துணைவியார் காலமாகி அப்போது ஏழு மாதங்கள். "இந்த வருசம் விழாவுக்கு இங்கேயே வந்துடுங்க அப்பா" என்று சிதம்பரத்தில் வாழும் மகள் அழைத்திருந்தாள். தேர்வு முடிந்து இரண்டு நாள் என்னோடு தங்கியிருந்த பேத்தியை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

வண்டி நகர்ந்ததும் அவள் என் கைப்பேசியை வாங்கிக்கொண்டாள். சற்று நேரத்தில் திரையில் ஒரு குடில் தோன்றியது. ஆனால் அது துண்டு துண்டாகக் கலைந்து கிடந்தது. மரியாவின் முகம் கீழ்மூலையில் இருந்தது. விண்மீன் வைக்கோலின் நடுவே கிடந்தது. கழுதையின் காது வானத்தில் தொங்கியது. அவள் விரல் ஒவ்வொன்றாக அவற்றைத் தள்ளத் தொடங்கியது. நானும் குனிந்து பார்க்கலானேன்.

விளையாட்டின் அமைப்பு

அறியாதவர்க்காக இதன் அமைப்பைச் சுருங்கக் கூறுகிறேன். ஒரு சதுரம் நான்குக்கு நான்காகப் பதினாறு கட்டங்களாய்ப் பகுக்கப்பட்டிருக்கும். பதினைந்து கட்டங்களில் படத்தின் சில்லுகள் இருக்கும். ஒன்று மட்டும் வெற்றிடம். அந்த வெற்றிடத்தை ஒட்டியிருக்கும் சில்லை மட்டுமே அதனுள் நகர்த்தலாம். எந்தச் சில்லையும் தூக்கி வைக்க முடியாது, திருப்பவும் முடியாது. கலைந்த படத்தை நகர்த்தி நகர்த்தியே முழுமையாக்க வேண்டும். சிறுவர்க்கென மூன்றுக்கு மூன்றான எளிய வடிவமும், தேர்ந்தவர்க்கென ஐந்துக்கு ஐந்தான கடிய வடிவமும் உண்டு. பனி மூடிய வீடு, கலைமான் இழுக்கும் வண்டி, விளக்கணி மரம், கிறிஸ்துமஸ் தாத்தா, குடில் எனப் படங்களைத் தேர்ந்துகொள்ளலாம். மேலே ஒரு கடிகாரம் ஓடும். அதனருகே நகர்வுகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கும்.

ஆடிப் பார்த்தால்தான் இதன் நுட்பம் புலப்படும். முதல் வரிசையில் மூன்று சில்லுகளைச் சேர்ப்பது எளிது. நான்காவதைக் கொண்டுவரும்போது இடர்ப்பாடு தோன்றுகிறது. அதன் இடத்திற்குள் அதனை நேரே செலுத்த வழியிருக்காது. ஏற்கெனவே சரியாக அமர்ந்துவிட்ட மூன்றாவது சில்லைக் கீழே இறக்கி, நான்காவதை மூன்றாவதன் இடத்தில் ஒதுக்கி, பின்னர் இரண்டையும் சேர்த்துத் திருப்பி ஏற்ற வேண்டும். சரியான இடத்தில் இருப்பதாலேயே ஒரு சில்லு அசையாமல் இருந்துவிட முடியாது. மற்றொன்று வந்து சேரும்பொருட்டு அதுவும் சற்றே இடம்விட வேண்டும். இவ்விளையாட்டின் முதற்பெரும் சிறப்பாக நான் கருதுவது இதுவே. இதனைப் பிள்ளைகளுக்கு எவரும் வாயால் போதிக்க வேண்டியதில்லை, விரலே கற்றுக்கொள்கிறது.

நாங்கள் இருந்த வண்டியே இதற்கு ஓர் எடுத்துக்காட்டாயிற்று. ஒற்றை இருப்புப்பாதையில் செல்லும் வண்டி அது. இடையில் ஒரு நிலையத்தில் எதிர்வண்டிக்கு வழிவிடுவதற்காக நெடுநேரம் நின்றது. பயணிகள் 'கிராசிங்' என்று சலித்துக்கொண்டனர். ஒரு தண்டவாளம் வெறுமையாக விடப்பட்டிருந்ததால்தான் இரு வண்டிகளும் தத்தம் வழியே செல்ல முடிந்தது. "நம்ம வண்டியும் ஒரு சில்லு தாத்தா" என்றாள் பேத்தி.

பழைய கதை

இணையத்தில் புதிதாகத் தோன்றினும், இவ்விளையாட்டின் வயது 140 ஆண்டுகளுக்கு மேல். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள கானஸ்டோட்டா என்னும் சிற்றூரில் அஞ்சல் அதிபராக இருந்த நோய்ஸ் சாப்மன் என்பவரே இதனை உருவாக்கியவர். அவர் 1874-ஆம் ஆண்டிலேயே தம் நண்பர்களுக்கு இதன் முன்வடிவைக் காட்டியிருந்தார். அதில் எண் பொறித்த பதினாறு கட்டைகளும் இருந்தன. எந்த வரிசையைக் கூட்டினும் 34 வருமாறு அவற்றை அடுக்க வேண்டும். பின்னர் அவற்றுள் ஒன்றை எடுத்துவிட, நகர்த்தும் புதிர் பிறந்தது. பதினாறும் நிறைந்திருந்தவரை அது அடுக்கும் கட்டைகளாகவே இருந்தது. ஒன்று குறைந்தபின் புதிய விளையாட்டாயிற்று. இச்செய்தியை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறேன். இக்கட்டுரையின் இறுதியில் அதற்கு மீண்டும் வருவேன்.

1879 டிசம்பரில் பாஸ்டன் நகரின் மரவேலைத் தொழிலர் மத்தையாஸ் ரைஸ் இதனைச் செய்து விற்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவும், பின்னர் ஐரோப்பாவும் இவ்விளையாட்டுப் பித்தில் மூழ்கின. ஆக, விழாக் காலத்திற்கும் இப்புதிருக்கும் உள்ள உறவு இணையம் உண்டாக்கியதன்று. சாப்மன் 1880-இல் காப்புரிமை கோரினார். முன்னரே வேறொருவர் பெற்றிருந்த ஒத்த காப்புரிமை காரணமாக அது அவருக்குக் கிட்டவில்லை. பிற்காலத்தில் புகழ்பெற்ற புதிர் அறிஞர் சாம் லாய்டு, தாமே இதனைக் கண்டுபிடித்ததாக 1891 முதல் தம் இறப்புவரை கூறிவந்தார். அக்கூற்று உண்மையன்று. எனினும் அவர் விடுத்த ஓர் அறைகூவல் நிலைத்துவிட்டது: எல்லா எண்களும் ஒழுங்காய் இருக்க, இறுதியில் 14-உம் 15-உம் மட்டும் இடம் மாறியிருந்தால், அவற்றைச் சரிசெய்வோர்க்கு 1000 டாலர் பரிசு!

அப்பரிசினை எவரும் பெறவில்லை, பெறவும் இயலாது. ஜான்சன், ஸ்டோரி என்னும் இருவர் 1879-ஆம் ஆண்டின் அமெரிக்கக் கணித ஆய்விதழிலேயே அது இயலாதென்பதை நிறுவியிருந்தனர். அவ்வுண்மையின் ஒரு பகுதியை எளிதாக விளக்கலாம். பதினாறு கட்டங்களையும் சதுரங்கப் பலகைபோல் ஒன்றுவிட்டு ஒன்று கறுப்பும் வெள்ளையுமாகத் தீட்டிக்கொள்வோம். ஒவ்வொரு நகர்விலும் வெற்றிடம் அண்டைச் சில்லோடு இடம் மாறுகிறது. எனவே கறுப்பிலிருந்து வெள்ளைக்கோ வெள்ளையிலிருந்து கறுப்புக்கோ அது போயாக வேண்டும். புறப்பட்ட மூலைக்கே அது திரும்புமானால் நகர்வுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாகவே இருக்கும். ஆனால் இரு சில்லுகள் மட்டும் தம்முள் இடம் மாறுவது ஒரே மாற்றம், அது ஒற்றைப்படை. இரட்டைப்படையான மாற்றங்களால் ஒற்றைப்படையான மாற்றம் ஒருகாலும் விளையாது. பதினாறு கட்டங்களில் சில்லுகளை அமைக்கக்கூடிய வகைகளில் சரிபாதி இவ்வாறு தீராதவை. தீரக்கூடியவை மட்டும் ஏறத்தாழ 10 இலட்சத்து 46 ஆயிரம் கோடி. அவற்றுள் எதனையும் 80 நகர்வுகளுக்குள் தீர்த்துவிடலாம் என்பது பிற்காலத்தில் கணினியின் துணையோடு அறியப்பட்ட முடிபு.

பிழை இருந்த இடம்

இனி வண்டியில் நிகழ்ந்ததற்கு வருகிறேன். ஆலப்பாக்கம் கடந்தபோது பேத்தி ஏறத்தாழ முடித்துவிட்டாள். விண்மீனும் குடிலும் அன்னையும் சூசையும் தத்தம் இடத்தில் இருந்தனர். ஆனால் கடைசி வரிசையில் இரண்டு சில்லுகள் மட்டும் மாறியிருந்தன. இடையனின் காலிருக்க வேண்டிய இடத்தில் ஆட்டின் தலை. ஆட்டின் தலையிருக்க வேண்டிய இடத்தில் இடையனின் கால்.

"எல்லாம் சரியாயிருக்கு தாத்தா. இந்த ரெண்டு மட்டும் வரமாட்டேங்குது" என்றாள்.

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தியவன். மேலே கூறிய விதியை மாணவர்க்கு விளக்கியும் இருக்கிறேன். கண்டவுடன் தீர்ப்பு வழங்கினேன்: "இது தீராது அம்மா. விளையாட்டைச் செய்தவர்கள் தவறாகக் கலைத்துவிட்டார்கள். விட்டுவிடு."

அவள் விடவில்லை. புதுச்சத்திரம் வந்தது, பரங்கிப்பேட்டை வந்தது. அவள் முழுப் படத்தைக் காட்டும் பொத்தானை அழுத்தி, அதனையே உற்று நோக்கிக்கொண்டிருந்தாள். வண்டி வெள்ளாற்றுப் பாலத்தின்மேல் ஊர்ந்தபோது திடீரென நிமிர்ந்தாள். "தாத்தா, மேல ரெண்டு இருட்டுச் சில்லு இருக்கில்ல? ஒண்ணுல குட்டியா ஒரு நட்சத்திரம் இருக்கு. நான் அதை மாத்தி வச்சிருக்கேன்."

உண்மை அதுவே. மேல் வரிசையில் கருநீல வானத்தின் துண்டுகள் இரண்டு, பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. அவை இடம் மாறி அமர்ந்திருந்தன. வானம் வானமாகவே தெரிந்தமையால் அங்கே பிழையிருக்குமென இருவருமே ஐயுறவில்லை. அந்தப் பிழை கீழே ஆட்டின் தலையிலும் இடையனின் காலிலும் வெளிப்பட்டது. இரண்டு மட்டும் மாறியிருந்தால் தீராது என்ற விதி சரியானதே. ஆனால் மாறியிருந்தவை இரண்டல்ல, நான்கு. விதி எனக்குத் தெரிந்திருந்தது. படத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காமலே செய்தவர்மீது குற்றமும் சுமத்திவிட்டேன்.

படத்தைக் கொண்ட நகர்த்துப் புதிர் எண்களைக் கொண்ட புதிரைவிட உயர்ந்தது என்று நான் கூறுவது இதனால்தான். எண்களில் இத்தகைய மயக்கத்திற்கு இடமில்லை; 14 எங்கிருந்தாலும் 14 தான். படத்தில், ஒன்றுபோல் தோன்றுபவை ஒன்றல்ல என்பதை ஆடுவோர் கற்றாக வேண்டும். குடும்பத்திலும் பங்கிலும் நாம் தீர்க்க இயலாமல் திகைக்கும் பூசல்கள் சிலவற்றை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம். பூசல் தெரியும் இடத்திலேயே அதன் காரணத்தையும் தேடுகிறோம். 'இங்கே எல்லாம் சரி' என்று எவரும் மீண்டும் பார்க்காத ஒரு மூலையில் அது இருக்கக்கூடும்.

திருத்துவதற்கு அவள் மேல் வரிசை முழுவதையும் கலைக்க வேண்டியிருந்தது. "எல்லாம் கலைஞ்சிடுமே" என்று சற்றுத் தயங்கினாள், பின்னர் கலைத்தாள். கிள்ளை நிலையத்தைக் கடந்தபோது படம் முழுமையாயிற்று.

நம் மார்கழி விளையாட்டுகள்

விழாக் காலத்துக்கென ஒரு விளையாட்டு என்பது தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. கிறிஸ்து பிறப்பு வரும் அதே மார்கழியில், வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கும் வைணவ இல்லத்தார் பரமபதம் ஆடுவது நெடுநாள் வழக்கம். தாயக்கட்டை உருளும், பாம்பு இறக்கும், ஏணி ஏற்றும். வீட்டார் அனைவரும் ஒரு படத்தைச் சூழ்ந்து அமர்வர். ஆட்டமே இரவு விழிப்பிற்குத் துணையாகும். ஆயின் பரமபதத்தில் ஆடுவோர் தெரிவு செய்வதற்கு ஏதுமில்லை. கட்டை சொன்னபடி காய் நகரும்.

ஆடுபுலி ஆட்டம் வேறுவகை. மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள், இருபத்து மூன்று புள்ளிகள். ஊர்ப்புறப் பாறைகளிலும் கோயில் தளங்களிலும் இதன் கோடுகளைப் பொறித்து வைத்திருக்கின்றனர். இதிலும் வெற்றிடமே உயிர். ஆட்டுக்கு அப்பால் வெற்றுப்புள்ளி இருந்தால்தான் புலி அதனைத் தாண்டி வெட்ட முடியும்; வெற்றுப்புள்ளிகளை அடைத்தே ஆடுகள் புலியைக் கட்டுகின்றன. ஆனால் இங்கு வெற்றிடம் போருக்கான களம். நகர்த்துப் புதிரில் எதிரியே இல்லை. எவரையும் வெட்டாமல், எவரையும் கட்டாமல், எல்லாச் சில்லும் தம் இடம் அடைவதே வெற்றி. அமைதியின் விழாவுக்கு இவ்வகை விளையாட்டு பொருந்துவதில் வியப்பில்லை.

கோலத்தையும் இங்குக் குறிப்பிட வேண்டும். புள்ளிகளை வரிசையாய் இட்டு, கோடுகளால் சுற்றிவந்து படமாக்கும் அக்கலையை, தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்ந்தோரும் 1970-களில் கணினி அறிவியலுக்குரிய இலக்கணமாக ஆராய்ந்தனர். கட்டங்களையும் படங்களையும் கணக்கையும் இணைக்கும் அறிவு நம் வாயிற்படியிலேயே இருந்தது. அதனை உணர்ந்து நோக்கினால், இணையத்தில் வந்த இப்புதிர் நம் பிள்ளைகளுக்கு முற்றிலும் அயலானதன்று.

குறைகள்

சிறப்புகளைக் கூறியபின் குறைகளை மறைத்தல் திறனாய்வாகாது.

முதற்குறை கடிகாரம். பொறுமையைக் கற்பிக்க வல்ல ஒரு விளையாட்டின் தலையில் விரைவை அளக்கும் கருவியை ஏற்றி வைத்திருக்கின்றனர். குறைந்த நொடியில் முடித்தால் பாராட்டு. மிகுந்த நொடியானால் மௌனம். பேத்தி வானத்தை உற்று நோக்கிக்கொண்டிருந்த அந்தப் பத்து நிமிடங்களே அவளுடைய ஆட்டத்தின் மிகச்சிறந்த பகுதி. கடிகாரத்தின் கணக்கில் அவை வீண்.

இரண்டாம் குறை படங்கள். கடலூரில் டிசம்பர் என்பது வடகிழக்குப் பருவமழையின் ஈரம் உலராத மாதம். இங்கே பனிச்சறுக்கு வண்டியுமில்லை, ஊசியிலைக் காடுமில்லை. மூங்கிற் சிம்பில் ஒட்டிய தாள் விண்மீன் உண்டு. குடிலின் முன் முளைவிட்ட கேழ்வரகின் பசுமை உண்டு. தென்னங்கீற்றுக் கூரை உண்டு. இவற்றுள் ஒன்றையும் அப்படங்களில் காணேன். பழைய வாழ்த்து அட்டைகளும் இதே பனியைத்தான் நமக்குக் காட்டின என்பதால், இணையத்தை மட்டும் குறைகூறுதல் நேர்மையன்று. எனினும் இதற்கு மாற்று எளிது. நாமே விரும்பும் படத்தை இட்டு ஆடும் வசதி இவ்வகை விளையாட்டுகள் சிலவற்றில் உண்டு. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டையோ, தம் இல்லத்துக் குடிலையோ, குடும்பப் படத்தையோ பெற்றோர் இட்டுக் கொடுக்கலாம்.

மூன்றாம் குறை தனிமை. பரமபதத்தைச் சூழ்ந்து நால்வர் அமர்ந்தனர். கைப்பேசித் திரையைச் சூழ்ந்து அமர இடமில்லை. நான் குனிந்து பார்த்தமையால் அது இருவர் ஆட்டமாயிற்று. இல்லையேல் ஒரு பெட்டியில் இருவர் தனித்தனியே பயணம் செய்திருப்போம். இக்குறை விளையாட்டினுடையது மட்டுமன்று, அருகில் அமர மறுக்கும் நம்முடையதும் ஆகும்.

நான்காம் குறையையே மிகப் பெரிதாகக் கருதுகிறேன். கிள்ளையைக் கடந்தபோது பேத்தி கடைசிச் சில்லை நகர்த்தினாள் அல்லவா? அந்த நொடியே, அதுவரை வெறுமையாயிருந்த மூலையில் பதினாறாவது துண்டு தானாகத் தோன்றி ஒட்டிக்கொண்டது. மணியொலி எழுந்தது, திரையெங்கும் பனி பொழிந்தது, வெற்றிடம் இருந்த சுவடே இல்லை. அவள் கைதட்டினாள். எனக்கு ஏனோ மனம் ஒப்பவில்லை. பழைய மரப்பெட்டியில் அவ்வாறு நிகழாது. பதினைந்து எண்களும் ஒழுங்குற்ற பின்னும் மூலையில் அந்த வெற்றிடம் இருக்கும். அதற்குப் பெயர் குறையன்று. முடிந்த ஆட்டத்தின் வடிவமே அது. இணையத்தில் செய்தவர்களோ அதனை நிறைத்துக் காட்டினால்தான் விழா நிறைவுறும் என எண்ணிவிட்டனர்.

வெற்றிடம்

சிதம்பரத்தில் இறங்கியபின் அவ்வெண்ணமே என்னோடு வந்தது. இவ்வூர்க் கோயிலில் நடராசர் திருவுருவின் அருகே ஒரு திரை உண்டு. அதனை விலக்கினால் உள்ளே பொன்னாலான வில்வ இலை மாலைகள் தொங்கும்; உருவம் ஏதுமிராது. ஐம்பூதங்களுள் வானத்திற்குரிய தலமாகச் சைவர்கள் இதனைப் போற்றுவர். சிதம்பர இரகசியம் என்று உலகம் சொல்வது அந்த வெட்டவெளியைத்தான். பிற சமயத்தாரின் வழிபாட்டை மதிப்போடு நோக்குமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் நமக்குக் கற்பித்தது. அம்மதிப்போடுதான் இதனைக் குறிப்பிடுகிறேன். உருவங்கள் நிறைந்த ஒரு பெருங்கோயில், தன் நடுவே ஒன்றுமில்லாத ஓரிடத்தைக் காத்து வைத்திருக்கிறது. அதனை நிறைத்துவிட எவரும் எண்ணவில்லை.

நம் வழக்கத்திலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. குடிலை நாம் முன்னரே அமைத்துவிடுகிறோம். அன்னையும் சூசையும் ஆடுமாடுகளும் இடையரும் வந்துவிடுகின்றனர். ஆனால் தீவனத் தொட்டி மட்டும் டிசம்பர் 24 நள்ளிரவுவரை வெறுமையாக இருக்கும். மற்ற உருவங்கள் அனைத்தும் அவ்வெற்றிடத்தை நோக்கியே நிற்கின்றன. இறைமகன் மனிதரானதைப் பவுல் அடிகளார் பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தில் வெறுமை என்னும் கருத்தைக் கொண்டே விளக்கியிருப்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

கடலூர்க் கரையில் வாழ்பவர்க்கு இந்த விழாவின் மறுநாள் என்பது வேறு பொருள் உடையது. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிறு; திருக்குடும்பத் திருவிழா. அன்று காலை ஆழிப்பேரலை தேவனாம்பட்டினத்திலும் அடுத்தடுத்த கடலோர ஊர்களிலும் புகுந்தது. முந்தைய நாள் ஏற்றிய விண்மீன்கள் இன்னும் இறக்கப்படாத வீடுகளில் ஆள்கள் குறைந்தனர். ஆண்டுதோறும் அந்நாளில் மீனவ மக்கள் கடற்கரையில் கூடிக் கடலில் பாலூற்றி மலர் தூவுவதைக் காண்கிறோம். ஏழாண்டுகள் கழித்து, 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இதே கரையைத் தாக்கியது. பலாவும் முந்திரியும் சாய்ந்தன. மாவட்டத்தின் விழாக் காலம் இவ்வாறு இழப்பை உடன்கொண்டே வருகிறது. எல்லாவற்றையும் நிறைத்து மணியடித்துக் காட்டும் படம் இம்மக்களின் கிறிஸ்து பிறப்பாகாது. விழா பொய்யென்பது இதன் பொருளன்று. குறைந்தவர்களை நினைவில் வைத்துக்கொண்டே கொண்டாடப்படும் விழாவும் முழுமையான விழாவே என்று கூறுகிறேன்.

நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்து, மறுநாள் மாலை, என் பையிலிருந்த ஒரு பழைய நெகிழிப் பெட்டியைப் பேத்தியிடம் கொடுத்தேன். ஒன்று முதல் பதினைந்து வரை எண்கள் கொண்ட நகர்த்துப் புதிர் அது. என் மகள் சிறுமியாய் இருந்தபோது, கோயில் திருவிழாக் கடையொன்றில் என் துணைவியார் பேரம் பேசி வாங்கியது. விளிம்புகள் மழுங்கியிருந்தன, 7 என்ற எண் பாதி அழிந்திருந்தது. பேத்தி அதனைக் கால்மணி நேரத்தில் ஒழுங்குபடுத்திவிட்டுச் சிறிது நேரம் காத்திருந்தாள். எதுவும் தோன்றவில்லை.

"பதினாறு தொலைஞ்சு போச்சா தாத்தா?" என்றாள்.

நான் விடை கூறுமுன் சமையற்கட்டிலிருந்து என் மகள் சொன்னாள்: "அது மொதல்லேருந்தே இல்லம்மா. அது இருந்தா ஒண்ணும் நகராது. பாட்டி எனக்கு அப்படித்தான் சொன்னாங்க."

துணைவியார் அவ்வாறு கூறியது எனக்குத் தெரியாது. கணக்கு வாத்தியார் நான்தான் என்று இத்தனை ஆண்டுகள் எண்ணியிருந்தேன்.

எனவே என் தீர்ப்பு இது. இணையத்தில் ஆடப்படும் இப்புதிர் நல்ல விளையாட்டு; விழாக் கால விடுமுறையில் பிள்ளைகள் ஆடத் தக்கது. இடம்விடுவதையும், ஒன்றுபோல் தோன்றுபவற்றை உற்று நோக்குவதையும், கலைத்துத் திருத்த அஞ்சாமையையும் அது பழக்குகிறது. கடிகாரத்தைப் பொருட்படுத்த வேண்டாமென்று பிள்ளைகளிடம் கூறுங்கள். பனிப்படத்திற்கு மாற்றாக உங்கள் குடிலின் படத்தை இட்டுக் கொடுங்கள். இயன்றால் அருகே அமர்ந்து குனிந்து பாருங்கள். கடைசித் துண்டு தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்போது மட்டும், அதற்கு முன் அவ்விடம் எவ்வாறிருந்தது என்று பிள்ளையைக் கேளுங்கள். நம் இல்லங்களில் இந்த ஆண்டு எவருடைய இடம் வெறுமையாய் இருக்கிறதோ, அவரைப் பற்றிப் பேசத் தொடங்குவதற்கு அதைவிட நல்ல தருணம் அமைவது அரிது.